கூபர் பீடிக்கு மாமனார், மாமியாரை அழைத்துப் போகலாமா?

நாற்பத்தொரு வயதான வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நான்கு பக்கக் கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய கொழுந்தனார் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியிருக்கிறார். வாசகி, கணவர், ஒன்பது வயது மகன், மாமனார், மாமியார் ஆகிய ஐவரும் அவரைப் பார்க்கப் போகிறார்கள். போன கையோடு, பாலைவனத்தின் நடுவே இருக்கும் கூபர் பீடி என்ற, ஓபல் எனும் மணிக்கல்லைத் தோண்டியெடுக்கும் சுரங்க ஊருக்கும் போய், மண்ணுக்கடியில் குடைந்த அறையில் மூன்று இரவுகள் தங்கிவர வேண்டும் என்பது மகனுடைய ஆசையாகத் தொடங்கி, இப்போது குடும்பத்தின் திட்டமாகிவிட்டது. விடுமுறைக்கு ஏற்றபடி டிசம்பர் இறுதி அல்லது மே மாதம் என்று இரண்டு வாய்ப்புகளை வைத்திருக்கிறார்கள். டிசம்பரையே கணவர் விரும்புகிறார்.

மாமியாருக்கு வயது 68. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் கிளார்ஜின் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரையும் சாப்பிடுகிறார். மாமனாருக்கு வயது 73. பதினான்கு மாதங்களுக்கு முன்பு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது நன்றாக நடக்கிறார், மாடி ஏறுகிறார். "நாங்கள் பார்க்காத வெயிலா?" என்பது மாமனாரின் வாதம். "கார் ஏசியில் எட்டரை மணி நேரம், அவ்வளவுதான்" என்கிறார் கொழுந்தனார். ஸ்டென்ட் விஷயத்தைப் பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டால் கட்டணம் குறையும் என்கிறார் கணவர். கடிதத்தின் அடியில் மாமியார் தம் கையெழுத்தில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். போகலாம். மே மாதம் போங்கள், டிசம்பரில் வேண்டாம். மாமியாரை அழைத்துப் போவதற்கு முன்பு அவருடைய மாத்திரைகளை ஒருமுறை சீர்தூக்கிப் பார்த்தாக வேண்டும். மாமனாரை அழைத்துப் போவது அவருடைய இதய மருத்துவர் சொல்வதைப் பொறுத்தது. கணவரின் காப்பீட்டு யோசனையை மட்டும் இன்றே கைவிடுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் ஊரைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள் என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. ஊர் அவ்வளவு பயப்படக்கூடியது அல்ல. ஏறத்தாழ 1,500 பேர் வாழ்கிறார்கள்; சிறிய மருத்துவமனை இருக்கிறது, மளிகைக் கடை இருக்கிறது, ஓட்டல்கள் இருக்கின்றன. மண்ணைக் குடைந்த வீடுகளுக்குள் கோடையிலும் குளிர்காலத்திலும் 23 முதல் 25 டிகிரி வரையே இருக்கும். மருத்துவனாக நான் யோசிப்பது அந்த ஊரிலிருந்து அடுத்த பெரிய மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத்தான். அடிலெய்டிலிருந்து கூபர் பீடி ஏறத்தாழ 850 கிலோமீட்டர். வழியில் போர்ட் அகஸ்டாவைத் தாண்டிவிட்டால் மீதி 540 கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. குளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையில் 250 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்துக்கு எரிபொருள் கூடக் கிடைக்காது. இதயக் குழாய் அடைத்துக்கொண்டால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய அடிலெய்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே கொண்டுபோவது 1928-இல் தொடங்கப்பட்ட ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ் என்ற பறக்கும் மருத்துவச் சேவை. மிகத் திறமையானவர்கள்தாம். ஆனால் அழைப்பு போய், விமானம் வந்து, நோயாளியை ஏற்றி, திரும்பிப் பறந்து சேர்வதற்குள் கழியும் மணி நேரங்களை எந்தத் திறமையாலும் இல்லாமல் ஆக்க முடியாது.

நாம் பார்த்த வெயிலும் அந்த வெயிலும்

மாமனார் சொல்வதில் பாதி உண்மை. வெயிலில் வளர்ந்தவர்களுக்கு ஓரளவு தாங்கும் திறன் உண்டு. ஆனால் அது பிறவிச் சொத்து அல்ல. வெப்பத்தில் தொடர்ந்து நடமாடும்போது உடல் ஓரிரு வாரங்களில் பழகிக்கொள்ளும் ஒன்று, குளிரூட்டிய அறையில் சில வாரங்கள் இருந்தால் பெரும்பகுதி கரைந்துபோகும் ஒன்று. எழுபது வயதுக்கு மேல் தாக உணர்வும் மங்கும், வியர்ப்பதும் குறையும்.

இன்னொரு வேறுபாட்டையும் அவரிடம் சொல்லுங்கள். கடலோர வெப்பத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. வியர்வை வழிவது கண்ணுக்குத் தெரிகிறது. "அப்பாடா" என்று உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறோம். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் பாலைநிலத்தின் காற்று அப்படிப்பட்டதல்ல. தோலில் வியர்வை ஊறிய கணமே உலர்ந்துவிடும். சட்டை நனையாது. நெற்றியில் கைவைத்துப் பார்த்தால் மெல்லிய உப்புப் பொடி மட்டும் விரலில் தட்டுப்படும். "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழந்துகொண்டிருக்க முடியும். ஆகவே தாகத்தையோ வியர்வையையோ அளவுகோலாக வைத்துக்கொள்ளாமல், சிறுநீரின் நிறத்தையும் அளவையும் பாருங்கள். அடர்மஞ்சளாக, சிறிதளவாகப் போனால் நீர் போதவில்லை. உங்கள் மாமியாருக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிப்படாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கூபர் பீடியில் ஜனவரி மாதச் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 36 டிகிரியைத் தாண்டும். 40-க்கு மேல் போகும் நாள்கள் சாதாரணம், 45-ஐத் தொடும் நாள்களும் உண்டு. மே மாதத்தில் பகல் வெப்பம் பெரும்பாலும் 20-க்கும் 25-க்கும் இடையில் நிற்கும். இரவில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். டிசம்பரில் போனால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு முதியவர்களை அறைக்குள்ளேயே உட்கார வைக்க வேண்டியிருக்கும். அதற்காகவா இவ்வளவு தூரம்? கணவருக்கு மே மாதத்தில் விடுப்புக் கிடைப்பது கடினம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டிசம்பரில் அடிலெய்டு வரை மட்டும் போய்வந்து, கூபர் பீடியை இன்னொரு பயணத்துக்கு ஒத்திவைப்பதே என் பரிந்துரை.

மாமியாரின் மருந்துப் பெட்டி

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் பட்டியலில்தான். ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியே நல்ல மாத்திரை. வறண்ட வெப்பத்தில், உடலில் நீர் குறைந்த நிலையில், இவை ஒன்றாகச் சேரும்போதுதான் கவலை. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் பெருக்கி உப்பையும் நீரையும் வெளியேற்றும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும், கூடவே நீரும் போகும். இதனால்தான் உடலில் நீர் குறைந்திருக்கும்போதும் அவருக்குச் சிறுநீர் நிறையவே போகக்கூடும். நிறம் பார்த்து அவரைக் கணிக்க முடியாது. நீர் குறைந்த உடலில் டெல்மிசார்டான் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம், எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கலாம். சிறுநீரகம் சுணங்கினால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கும். இவ்வளவும் ஒரு நாள் வயிற்றுப்போக்கில் நிகழ்ந்துவிடலாம்.

ஆகவே புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அவருடைய சர்க்கரை நோய் மருத்துவரிடம் போய், கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம் அளவுகளைப் பார்த்துக்கொண்டு, "வாந்தியோ பேதியோ வந்தால், சாப்பிட முடியாமல் போனால் எந்தெந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக மேலே சொன்ன மாத்திரைகள் எல்லாமே அப்படிப்பட்ட நாளில் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுபவை. ஆனால் என் பதிலைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள், அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இன்சுலின் வேறு விஷயம்: சாப்பிடவில்லை என்பதற்காகக் கிளார்ஜினை முழுமையாக விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறு. அளவு குறைக்க வேண்டியிருக்கலாம், விட்டுவிடக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின் பற்றி இன்னும் ஒன்று. இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அபூர்வமாக, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் ஆபத்தான நிலை வரலாம். அப்போது சர்க்கரை அளவு வழக்கம்போல 400, 500 என்று ஏறாமல் 180-இல் கூட நிற்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல் இருக்கும்போது மீட்டரில் 180-ஐப் பார்த்துவிட்டு "சுகர் சரியாகத்தானே இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல" என்று ஒரு நாள் காத்திருந்து விடுவார்கள். அடிலெய்டில் அந்த ஒரு நாள் தாமதத்தை ஈடுகட்ட வழி உண்டு. நெடுஞ்சாலையின் நடுவில் கிடையாது. கீட்டோன் அளவு பார்க்கும் பட்டைகளைக் கையில் வைத்துக்கொள்ள முடியுமா, அல்லது பாலைவனப் பகுதியில் இருக்கும் நாள்களுக்கு இந்த மாத்திரையையே மாற்றி வைக்கலாமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

இன்சுலினை எங்கே வைப்பது என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய கிளார்ஜின் பேனா 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் 28 நாள்கள் வரை இருக்கலாம். ஆகவே பயன்பாட்டில் உள்ள பேனாவுக்குக் கூபர் பீடியின் நிலத்தடி அறையே பொருத்தமான இடம், குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. திறக்காதவற்றை ஓட்டல் அறையின் சிறு குளிர்பதனப் பெட்டியில் வைக்கும்போது, உறைபனி அறைக்கு ஒட்டிய மேல்தட்டிலோ பின்சுவரில் படும்படியோ வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் குப்பைக்குத்தான்.

கார்தான் உண்மையான எதிரி. வெளியே 40 டிகிரி இருக்கும் நாளில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60-ஐத் தாண்டும். இதமான மே மாத வெயிலில் கூட மூடிய கார் வேகமாகச் சூடேறும். வெப்பத்தில் கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெரியவர், காரின் முன்பெட்டியில் ஒரு மதியம் கிடந்த பேனாவையே ஐந்து நாள்கள் போட்டுக்கொண்டு, சர்க்கரை ஏறுகிறதே என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார். குற்றவாளி இட்லி அல்ல, பேனா என்று கண்டுபிடிக்க எனக்கும் ஒரு நாள் ஆயிற்று.

இதற்கு எளிய வழி, தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தும் குளிர்ப் பைகள். மண்பானை நீர் குளிர்வது எந்த விதியாலோ அதே விதியால் இவை வேலை செய்கின்றன. புழுக்கமான ஊரில் அரைகுறையாக இருக்கும் இந்தப் பை, பாலைவனத்தின் வறண்ட காற்றில் மிக நன்றாகக் குளிரும். ஆனால் காற்றுப் பட வேண்டும். கைப்பையின் அடியில் போட்டு ஜிப்பை மூடிவிட்டால் வெறும் ஈரத்துணிதான். விமானத்தில் இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான் வர வேண்டும், பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் அல்ல. தாழ்சர்க்கரைக்கு என்று கையில் சாக்லேட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது உருகி உறையோடு ஒட்டிக்கொள்ளும், குளுக்கோஸ் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெப்பத்தில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடலில் சேரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மே மாதத்தில் தெற்கு ஆஸ்திரேலியா இந்திய நேரத்தைவிட நான்கு மணி நேரம் முன்னே இருக்கும்; இரவு இன்சுலினின் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மருந்துகளைக் கொண்டுபோவது பற்றிய சட்டம் எளிது. சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவு வரை, அசல் உறையில், மருத்துவரின் சீட்டு அல்லது கடிதத்தோடு கொண்டுபோகலாம். வந்திறங்கும்போது நிரப்பும் அட்டையில் மருந்து இருப்பதைக் குறிப்பிட வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் தரும் கடிதத்தில் வணிகப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும்; அங்கே வணிகப் பெயர்கள் வேறு. நம் ஊர் மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி அங்குள்ள மருந்துக் கடையில் மருந்து வாங்க முடியாது, அந்நாட்டு மருத்துவர் ஒருவர் மறுபடி எழுதித் தர வேண்டும். அதனால் தேவைக்கு மேல் இரண்டு வார மருந்தாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம்: 2022 ஜனவரியில் பெய்த பெருமழையில், நீங்கள் போகப்போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை பல நாள்கள் துண்டிக்கப்பட்டு, கூபர் பீடிக்கு விமானப்படை விமானத்தில் உணவு கொண்டுபோக வேண்டியிருந்தது. பாலைவனத்தில் வெள்ளத்தால் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது.

மாமனாரின் ஸ்டென்ட்

ஸ்டென்ட் வைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகி, நெஞ்சுவலி இல்லாமல், மாடி ஏற முடிகிற ஒருவர் பயணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இதய மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அண்மையில் எக்கோவோ உழைப்புப் பரிசோதனையோ தேவையா; இதயத்தின் இறைக்கும் திறன் எவ்வளவு; ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம். மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். பாலைவனம் என்றாலே எல்லோரும் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்பார்கள். இதயம் தளர்ந்து, நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவருக்கு அந்த அறிவுரையே நெஞ்சில் நீர் கோக்கச் செய்துவிடும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவரிடம் இருந்தால், அதைச் சட்டைப்பையில் போட்டு வெயிலில் அலையாமல் அசல் உறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரப்பட்ட மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. கடைசியாக எடுத்த இ.சி.ஜி.யின் நகலைக் கைப்பேசியில் படமாக வைத்திருங்கள்; புதிய மருத்துவர் ஒருவருக்கு "இது பழைய மாற்றமா, புதிய மாற்றமா?" என்று தெரிவதே பாதி உதவி.

காப்பீட்டில் மறைப்பது

இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் பொருந்தாது. பிரிட்டன், நியூசிலாந்து போன்ற சில நாடுகளோடு மட்டுமே அவர்களுக்குப் பரஸ்பர உடன்பாடு உண்டு. கொழுந்தனார் அங்கே வரி கட்டுகிறார் என்பதால் அவருடைய பெற்றோருக்கு உரிமை வந்துவிடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அவசர ஆம்புலன்ஸ் கூட இலவசமில்லை; ஒருமுறை அழைத்தாலே ஆயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும், அதற்கு மேல் கிலோமீட்டர் கணக்கு வேறு.

ஸ்டென்ட் விஷயத்தை மறைக்கலாம் என்ற யோசனையில் ஒழுக்கத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. அது நடைமுறையிலேயே தோற்கும். உங்கள் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தால் பணியில் இருக்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, முன்பு இதயத்துக்குச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்பது. அவரிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் சிகிச்சையே தவறிப்போகும். அவர் அதை நோயாளிக் குறிப்பின் முதல் வரியில் எழுதுவார். இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் கேட்பதும் அதே குறிப்பைத்தான். முக்கியமான உண்மையை மறைத்தார் என்ற காரணத்தால் கோரிக்கை முழுவதையும் நிராகரிக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். சேமித்த சில ஆயிரம் ரூபாய்க்காகப் பல இலட்சங்களை நீங்கள் கட்ட நேரிடும்.

ஸ்டென்டையும் சர்க்கரை நோயையும் எழுதியே விண்ணப்பியுங்கள். பத்திரம் கையில் வந்ததும் மூன்று இடங்களைப் படியுங்கள்: முன்பே உள்ள நோய்க்கு எந்த அளவு வரை தருகிறார்கள் (பல பத்திரங்கள் உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும்), எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா, மருத்துவ விமானத்தில் இடம் மாற்றும் செலவு அடங்குமா. முகவர் வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்திரத்தின் வாசகத்தில் ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. அது என் துறை அல்ல.

காரா, விமானமா

கொழுந்தனார் சொல்லும் எட்டரை மணி நேரம் ஒரே ஓட்டுநர் எங்கும் நிற்காமல் ஓட்டும் கணக்கு. இரண்டு முதியவர்களையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்து (கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க அது அவசியம்), மாமியாருக்கு நேரத்துக்குச் சாப்பாடும் கொடுத்தால் பதினொரு மணி நேரம் ஆகும். மே மாதத்தில் மாலை ஆறு மணியளவில் இருட்டத் தொடங்கிவிடும். கங்காருவும் ஈமுவும் மாடுகளும் சாலைக்கு வருவது அந்த அந்திப் பொழுதில்தான்; மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கங்காருவை மோதினால் காரும் மிஞ்சாது. வாடகைக் கார் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: ஊர் எல்லைக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினாலோ தார் போடாத சாலையில் இறங்கினாலோ சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பல வாடகை ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும், கையெழுத்திடும் முன் தேடிப் படியுங்கள்.

என் யோசனை இது. பெரியவர்கள் இருவரும் உங்களோடு அடிலெய்டிலிருந்து சிறு விமானத்தில் போகட்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான், ஆனால் நாளுக்குப் பல விமானங்கள் கிடையாது, முன்பே பதிவு செய்ய வேண்டும். சாலையைப் பார்க்க ஆசைப்படும் மகன், அப்பாவோடும் சித்தப்பாவோடும் காரில் வரட்டும். எல்லோரும் காரில்தான் என்று முடிவானால் போர்ட் அகஸ்டாவில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை வெளிச்சத்தில் புறப்படுங்கள். எரிபொருள் நிலையம் கண்ட இடத்தில் எல்லாம் நிரப்புங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காரில் இருக்கட்டும். இடையில் நெடுந்தொலைவுக்குக் கைப்பேசித் தொடர்பு இருக்காது. எந்த நிறுவனத்தின் சிம் அங்கே எடுக்கும் என்பதைக் கொழுந்தனாரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அவசரநிலைச் சமிக்ஞைக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுப்பதும் வீண் செலவு அல்ல. வண்டி நின்றுவிட்டால் யாரும் உதவி தேடி நடக்கக் கூடாது. தேடி வருபவர்களின் கண்ணுக்குக் கார்தான் தெரியும், மனிதர் தெரியமாட்டார். அவசர எண் 000. இன்னொன்று: அந்த நெடுஞ்சாலையின் ஒரு பகுதி வூமரா என்ற பாதுகாப்புத் துறைத் தடைப் பகுதிக்குள் போகிறது, சாலையில் போகலாம், அனுமதி இல்லாமல் சாலையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது.

ஊருக்குள் போன பிறகு உங்கள் மகன்தான் என் கவலை. 1915-இல் தங்கம் தேடி வந்த குழுவோடு வந்திருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தண்ணீர் தேடிப் போன இடத்தில் ஓபல் கற்களைக் கண்டதில் தொடங்கிய ஊர் அது. அந்தக் கதையைக் கேட்ட எந்தப் பையனும் தானும் ஒன்றைக் கண்டெடுக்க ஓடுவான். நெடுஞ்சாலையிலிருந்து பார்க்கும்போது கறையான் புற்றுகள் போல வெள்ளை மண்மேடுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு மேட்டின் அருகிலும் ஒரு துளை. ஒரு மீட்டர் அகலம், பலவற்றில் இருபது மீட்டருக்கும் மேல் ஆழம், சுற்றிலும் வேலி இல்லை. ஓடாதே, பின்னோக்கி நடக்காதே என்று எச்சரிக்கும் பலகைகள் அங்கே நிற்பது வேடிக்கைக்கு அல்ல. படம் எடுப்பவர் "இன்னும் கொஞ்சம் பின்னால்" என்று சொல்லும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். பொதுமக்கள் கல் பொறுக்க ஊரிலேயே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அவனை அங்கே மட்டும் விடுங்கள்.

கடைசியாக உங்கள் மாமியாரின் வரி: "மண்ணுக்கடியில் படுத்தால் மூச்சு முட்டாதா டாக்டர்?"

அம்மா, முட்டாது. அந்த அறைகளுக்குக் கூரை வழியே காற்றுக் குழாய்கள் மேலே போகின்றன; பெரும்பாலானவை குன்றின் பக்கவாட்டில் குடைந்தவை என்பதால் கதவு வழியே நேராக உள்ளே நடந்து போகலாம். ஆனால் சன்னல் இருக்காது. விளக்கை அணைத்தால் நம் வீட்டு இருட்டு போலத் தெருவிளக்கின் கசிவு கூட இல்லாத முழு இருட்டாக இருக்கும். நீங்கள் இரவில் இரண்டு முறை கழிவறைக்கு எழுந்திருப்பீர்கள் என்று உங்கள் மருந்துச் சீட்டே எனக்குச் சொல்கிறது; அப்போது திசை தெரியாமல் விழுவதுதான் அங்கே உங்களுக்கு நேரக்கூடிய விபத்து. தலையணைக்கு அருகில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், கழிவறை விளக்கை எரியவிட்டுக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள், எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நடங்கள். அதே ஊரில் தரைக்கு மேலே, சன்னல் வைத்த அறைகளும் உண்டு. முதல் இரவு மனத்துக்குப் பிடிக்காவிட்டால் மறுநாள் அறையை மாற்றித் தரச் சொல்லி மருமகளிடம் தயங்காமல் கேளுங்கள். அதற்கு ஏற்றபடி முன்பதிவு செய்யச் சொல்லி அவருக்கும் இதன் மூலம் எழுதிவிட்டேன்.